எக்ஸ்ரே அறைக்குள் நடப்பது என்ன?

எந்திரம் பாதி, ஒழுங்கு பாதி!

மரத்திலிருந்து விழுந்த பையனுக்குக் கை வீங்கிவிட்டது. "எக்ஸ்ரே எடுத்து வாருங்கள்" என்கிறார் டாக்டர். மூன்று வாரமாக இருமல் நிற்கவில்லை. அதற்கும் எக்ஸ்ரே. பெரியவர் ஒருவருக்குத் திடீரென்று வாய் கோணி, கை விழுந்துவிட்டது. உடனே தலைக்கு ஸ்கேன் எடுக்க ஓடுகிறார்கள்.

இப்படி, ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களில் பலர் எக்ஸ்ரே பிரிவுக்கும் போகவேண்டி இருக்கிறது. அங்கே இருக்கும் பெரிய எந்திரத்தைப் பார்த்து மக்கள் வியக்கிறார்கள். "கோடி ரூபாய் எந்திரமாம்!" என்று பேசிக் கொள்கிறார்கள்.

ஆனால், எந்திரம் தானாக நோயைச் சொல்லிவிடாது.

சரியான ஆளைப் படம் பிடிக்க வேண்டும். சரியான இடத்தில் பிடிக்க வேண்டும். தேவையான கதிரை மட்டும் செலுத்த வேண்டும். படத்தை நிபுணர் பார்க்க வேண்டும். அவர் கண்டதை, நோயாளியின் டாக்டருக்குக் காலத்தில் சொல்ல வேண்டும். இதில் ஒன்று தவறினாலும், கோடி ரூபாய் எந்திரம் இருந்தும் பயன் இல்லை.

இந்த வேலைகள் எப்படி நடக்கின்றன? சரியாக நடக்காத இடத்தில் எப்படித் திருத்துகிறார்கள்?

மனைவியின் கை

எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தவர் ராண்ட்ஜன். ஜெர்மனி நாட்டில் வூர்ஸ்பர்க் என்ற நகரில் பேராசிரியராக இருந்தவர். 1895-ம் ஆண்டு நவம்பர் மாதம் 8-ந் தேதி, இருட்டு அறையில் சோதனை செய்து கொண்டிருந்தபோது, கண்ணுக்குத் தெரியாத ஒரு புதுக் கதிரைக் கண்டார். அது என்ன கதிர் என்று தெரியவில்லை. ஆகவே, கணக்கில் தெரியாத எண்ணுக்கு "எக்ஸ்" என்று பெயர் வைப்பதுபோல, அதற்கும் "எக்ஸ்" என்று பெயர் வைத்தார்.

அடுத்த மாதம் தன் மனைவியின் கையைப் படம் பிடித்தார். கை எலும்புகள் தெரிந்தன. விரலில் கிடந்த மோதிரமும் தெரிந்தது. உலகமே ஆச்சரியப்பட்டது!

பௌதிகத்துக்கான முதல் நோபல் பரிசு 1901-ம் ஆண்டில் அவருக்குத்தான் கொடுக்கப்பட்டது. பரிசுப் பணத்தை அவர் தன் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டார். கண்டுபிடிப்புக்குத் தனி உரிமையும் வாங்கவில்லை. எல்லோருக்கும் பயன்படட்டும் என்று விட்டுவிட்டார்.

போர்க்களத்தில் ஒரு பெண்மணி

எக்ஸ்ரே எந்திரம் இருந்தால் மட்டும் போதாது, அதை நடத்தத் தெரிய வேண்டும் என்று உலகுக்குக் காட்டியவர் மேரி கியூரி. ரேடியத்தைக் கண்டுபிடித்த அதே அம்மையார்தான்.

1914-ம் ஆண்டில் முதல் உலகப் போர் மூண்டது. பிரெஞ்சு வீரர்கள் குண்டு பாய்ந்து விழுந்தார்கள். குண்டு உடம்பில் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் டாக்டர்கள் திண்டாடினார்கள். பட்டணத்து ஆஸ்பத்திரிகளில் எக்ஸ்ரே எந்திரம் இருந்தது. போர்க்களத்தில் இல்லை.

கியூரி அம்மையார், எந்திரத்தை மோட்டார் வண்டியில் ஏற்றினார். மின்சாரம்? வண்டியின் எஞ்சினைக் கொண்டே மின்சாரம் உண்டாக்கினார். இப்படிச் சுமார் 20 வண்டிகளைத் தயார் செய்தார். நிலையான எக்ஸ்ரே அறைகள் சுமார் 200 ஏற்பட்டன. கியூரி தாமே வண்டி ஓட்டக் கற்றுக் கொண்டார். மகள் ஐரீனையும் வேலைக்கு அழைத்துக் கொண்டார்.

அதோடு அவர் நிற்கவில்லை. எந்திரத்தை இயக்க ஆள் வேண்டாமா? சுமார் 150 பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார். எந்திரம், மின்சாரம், பயிற்சி பெற்ற ஆள், மேற்பார்வை - இந்த நான்கும் சேர்ந்தபோதுதான் வீரர்கள் பிழைத்தார்கள். இன்றைய எக்ஸ்ரே பிரிவுக்கும் இந்த நான்கும்தான் ஆதாரம்.

சென்னையில் 1934-ம் ஆண்டிலேயே அரசு பொது ஆஸ்பத்திரியில் இதற்கென்று தனி நிலையம் ஏற்பட்டது. அதை உருவாக்கிய காப்டன் பர்னார்டு என்பவரின் பெயரையே அதற்கு வைத்தார்கள்.

சீட்டில் தொடங்குகிறது

எக்ஸ்ரே பிரிவின் வேலை எந்திரத்தில் தொடங்குவது இல்லை. டாக்டர் எழுதும் சீட்டில் தொடங்குகிறது.

"கை எக்ஸ்ரே" என்று மட்டும் எழுதினால் போதாது. எந்தக் கை? எப்படி அடிபட்டது? எங்கே வலி? இவ்வளவும் வேண்டும்.

ஏன்? உள்ளங்கையை ஊன்றி விழுந்தால், மணிக்கட்டில் படகு வடிவத்தில் இருக்கும் ஒரு சின்ன எலும்பு விரிசல் விடலாம். அதைப் பார்க்கக் கையைத் தனி விதமாகத் திருப்பி வைத்துப் படம் பிடிக்க வேண்டும். அப்படியும் முதல் நாள் படத்தில் விரிசல் தெரியாமல் போகலாம். பத்துப் பதினான்கு நாள் கழித்து மறுபடியும் எடுத்தால் தெரியும். "விழுந்தார், கட்டைவிரல் பக்கம் வலி" என்று சீட்டில் ஒரு வரி இருந்தால், எக்ஸ்ரே டாக்டர் அந்த எலும்பையே தேடிப் பார்ப்பார். அந்த வரி இல்லாவிட்டால், அது கண்ணில் படாமல் போகலாம்.

ஆகவே, நல்ல பிரிவில் அரைகுறைச் சீட்டை அப்படியே வாங்கிக்கொள்வது இல்லை. எழுதிய டாக்டரிடம் கேட்டு நிரப்பிக் கொள்கிறார்கள்.

இரண்டு முருகன்

வெளியே பெஞ்சில் இரண்டு முருகன் உட்கார்ந்து இருக்கிறார்கள். ஒருவருக்கு மார்பு, இன்னொருவருக்கு முழங்கால். "முருகன்!" என்று கூப்பிட்டால் இருவரும் எழுந்து வருவார்கள்.

"நீங்கள்தானே முருகன்?" என்று கேட்பது தவறு. காது மந்தமான பெரியவர், எதைக் கேட்டாலும் தலையை ஆட்டிவிடுவார். "ஐயா, உங்கள் பெயர் என்ன? வயது என்ன? எந்த ஊர்?" என்று கேட்டு, அவர் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். பிறகு சீட்டோடு ஒத்துப் பார்க்க வேண்டும்.

அடுத்தது பக்கம். வலது காலா, இடது காலா? படம் பிடிக்கும்போதே ஈயத்தால் செய்த ஓர் எழுத்தை வைத்துப் பிடிக்கிறார்கள். அது படத்திலேயே விழுந்துவிடும். பிறகு குழப்பம் வராது. இந்தச் சின்ன எழுத்து இல்லாமல் போனால், நல்ல காலில் ஆபரேஷன் செய்யும் விபரீதம்கூட நேரலாம்.

பெண்களிடம் இன்னொரு கேள்வியும் கேட்பார்கள். "அம்மா, நாள் தள்ளிப் போயிருக்கிறதா?" இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. வயிற்றில் குழந்தை இருந்தால், கதிர் இல்லாத வேறு சோதனை செய்யலாமா என்று டாக்டர் யோசிப்பார்.

நேரம் எங்கே போகிறது?

மார்பு எக்ஸ்ரே எடுக்கும்போது கதிர் பாயும் நேரம், ஒரு விநாடியில் சிறு பகுதிதான். அப்படியானால், காலையில் போனவர் மத்தியானம் வரை ஏன் உட்கார்ந்திருக்கிறார்?

கூட்டம் அதிகமானால், "இன்னொரு எந்திரம் வேண்டும்" என்று கேட்பது வழக்கம். உண்மையில் எந்திரம் போதாமல் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அதற்கு எளிய வழி இருக்கிறது. ஒவ்வொரு சீட்டிலும் நான்கு நேரங்களைக் குறிக்க வேண்டும்:

சீட்டு வந்த நேரம்.
படம் பிடித்த நேரம்.
நிபுணர் அறிக்கை எழுதிய நேரம்.
அறிக்கை டாக்டர் கைக்குப் போன நேரம்.

ஒரு வாரம் இப்படிக் குறித்தால், நேரம் எங்கே வீணாகிறது என்று தெரிந்துவிடும். வார்டிலிருந்து நோயாளியைத் தள்ளிவர ஆள் இல்லாமல் எந்திரம் சும்மா கிடக்கலாம். உடை மாற்ற ஒரே ஓர் அறை இருக்கலாம். படம் உடனே எடுத்தும், அறிக்கை மறுநாள் வரை மேஜையில் கிடக்கலாம். இதற்கெல்லாம் புது எந்திரம் வாங்குவது மருந்து அல்ல. ஒரு தள்ளுவண்டிக்காரரும், இன்னொரு திரைச் சீலையும் போதும்!

வரிசையும் ஒன்றாக இருக்கக் கூடாது. அவசர கேஸ், வார்டு நோயாளி, வெளி நோயாளி - மூன்றும் வேறு. வயிற்று ஸ்கேனுக்குப் பட்டினியாக வருகிறவர்களைக் காலையிலேயே முடித்து அனுப்ப வேண்டும். அவர்களிலும் சர்க்கரை நோயாளிகளையும், குழந்தைகளையும் முதலில் பார்க்க வேண்டும்.

சாப்பிடலாமா, கூடாதா, தண்ணீர் குடிக்க வேண்டுமா என்பதை முதல் நாளே தெளிவாகச் சொல்லி அனுப்ப வேண்டும். சொல்லாமல் விட்டால், அவர் சாப்பிட்டுவிட்டு வருவார். "நாளைக்கு வா" என்பார்கள். கூலி வேலை செய்கிறவருக்கு, ஒரு நாள் சம்பளம் போய்விடும். பஸ் செலவு வேறு!

கெட்டுப் போன படங்கள்

நோயாளி மூச்சு விட்டார், படம் கலங்கிவிட்டது. கழுத்துச் சங்கிலியைக் கழற்றவில்லை. அதன் நிழல் விழுந்துவிட்டது. நீண்ட பின்னல் தோளில் கிடந்தது. நுரையீரலில் நோய் இருப்பதுபோல் தெரிகிறது! மறுபடியும் எடுக்க வேண்டும். மறுபடியும் கதிர் பாய வேண்டும்.

முன்பெல்லாம் படம் பிலிமில் இருந்தது. கெட்டுப் போன பிலிம் கூடையில் குவிந்து கிடக்கும். எத்தனை வீணாயிற்று என்று கண்ணுக்குத் தெரியும். இப்போது படம் கம்ப்யூட்டரில் வருகிறது. சரியில்லாவிட்டால், ஒரு பொத்தானை அமுக்கி அழித்துவிடலாம். தவறு நடந்த தடயமே இருக்காது.

ஆகவே, நன்றாக நடக்கும் பிரிவில் கெட்டுப் போன படங்களை அழிப்பது இல்லை. மாதம் ஒரு முறை எண்ணுகிறார்கள். ஏன் கெட்டது என்று பிரித்துப் பார்க்கிறார்கள். நகையால் கெட்டது அதிகம் என்றால், உடை மாற்றும் அறையிலேயே நகையைக் கழற்றச் சொல்லி, பத்திரமாக வைக்கப் பெட்டி கொடுக்கிறார்கள். மூச்சால் கெட்டது அதிகம் என்றால், படம் பிடிப்பதற்கு முன் ஒரு தடவை மூச்சை அடக்கிப் பழக வைக்கிறார்கள்.

கதிர் நண்பனா, எதிரியா?

இரண்டும்தான்!

ஆரம்ப காலத்தில் இதன் ஆபத்து யாருக்கும் தெரியாது. அமெரிக்காவில் விஞ்ஞானி எடிசனிடம் வேலை பார்த்த டாலி என்பவர், தன் கையையே கதிரில் காட்டிக் காட்டிச் சோதனை செய்தார். கைகள் புண்ணாயின. வெட்டி எடுத்தும் பயன் இல்லை. 1904-ம் ஆண்டில் இறந்தார். எடிசன் பயந்து, அந்த ஆராய்ச்சியையே விட்டுவிட்டார். இப்படி உயிர் நீத்தவர்களுக்கு, ஜெர்மனியில் ஹாம்பர்க் நகர ஆஸ்பத்திரி ஒன்றில் 1936-ம் ஆண்டில் நினைவுச் சின்னம் எழுப்பினார்கள்.

இன்று பயப்பட வேண்டியது இல்லை. மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் இயற்கையாகவே நம் உடம்பில் கொஞ்சம் கதிர் பட்டுக் கொண்டிருக்கிறது. ஒரு மார்பு எக்ஸ்ரேயில் படுவது, இயற்கையில் சில நாட்களில் படும் அளவுதான். ஆனால், வயிற்றுக்கு எடுக்கும் சி.டி. ஸ்கேனில் படுவது, இயற்கையில் இரண்டு, மூன்று ஆண்டுகளில் படும் அளவு. ஆகவே, தேவை இருந்தால் தயங்கக் கூடாது. தேவை இல்லாமல் கேட்டு வாங்கவும் கூடாது.

அளவு தவறினால் என்ன ஆகும்? அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஓர் ஆஸ்பத்திரி. 2008-ம் ஆண்டில் மூளை ஸ்கேன் எந்திரத்தில் ஓர் அமைப்பை மாற்றினார்கள். அதில் தவறு நேர்ந்துவிட்டது. தேவையைப்போல் எட்டு மடங்கு கதிர் பாய்ந்தது. ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. ஏறத்தாழ 18 மாதம்! 200-க்கும் மேற்பட்ட நோயாளிகள் பாதிக்கப்பட்டார்கள். ஒரு நோயாளி, "தலைமுடி உதிர்கிறதே!" என்று வந்து சொன்ன பிறகுதான் விஷயம் வெளிப்பட்டது.

அந்த எந்திரம் பழுதான எந்திரம் அல்ல. கதிர் அளவு எவ்வளவு என்று திரையில் காட்டிக் கொண்டுதான் இருந்தது. அதைப் படித்து, "இது அதிகமாக இருக்கிறதே" என்று கேட்க ஆள் இல்லை. ஆகவே, அளவைத் தினமும் குறித்து, முன்பு இருந்ததோடு ஒப்பிட்டுப் பார்ப்பது எக்ஸ்ரே பிரிவின் கடமை. குழந்தைகளுக்குப் பெரியவர்களின் அளவை வைக்கவே கூடாது.

ஈய அங்கி

எக்ஸ்ரே ஊழியர்களின் மார்பில் சின்ன வில்லை ஒன்று தொங்குவதைப் பலர் பார்த்திருப்பார்கள். அது அலங்காரம் அல்ல! அவர் உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்று அது கணக்கு வைக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதைச் சோதனைக்கு அனுப்புகிறார்கள். அதைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு வேலை செய்தால், கணக்கு பொய்க் கணக்காகிவிடும்.

ஈய அங்கியைத் துணிபோல மடித்து வைக்கக் கூடாது. மடித்தால் உள்ளே இருக்கும் ஈயத்தில் விரிசல் விழும். அதன் வழியாகக் கதிர் புகும். அதைக் கம்பியில் தொங்கவிட வேண்டும். விரிசல் இருக்கிறதா என்று பார்க்க, அவ்வப்போது அங்கியையே எக்ஸ்ரே எடுக்கிறார்கள்!

இந்தியாவில் இதையெல்லாம் கண்காணிக்க, 1983-ம் ஆண்டில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அமைக்கப்பட்டது. எக்ஸ்ரே எந்திரம் வைத்து நடத்த அதன் உரிமம் வேண்டும்.

காந்த அறை

எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் எக்ஸ்ரே கதிர் கிடையாது. ஆனால், அங்கே வேறோர் அபாயம் இருக்கிறது. அது பெரிய காந்தம். படம் பிடிக்காத நேரத்திலும் அதன் சக்தி குறையாது. இரவும் பகலும் இழுத்துக்கொண்டே இருக்கும்.

2018-ம் ஆண்டில் மும்பையில் ஓர் ஆஸ்பத்திரியில், நோயாளிக்குத் துணையாக வந்தவர், பிராணவாயு சிலிண்டரோடு அந்த அறைக்குள் போய்விட்டார். காந்தம் சிலிண்டரை இழுத்தது. அவரையும் சேர்த்து இழுத்தது. அவர் இறந்துபோனார்.

கதவில் எச்சரிக்கைப் பலகை தொங்கினால் மட்டும் போதாது. எழுத்துத் தெரியாதவர் என்ன செய்வார்? கதவருகே பயிற்சி பெற்ற ஒருவர் நிற்க வேண்டும். நோயாளி, துணைக்கு வருபவர், வார்டு பையன், டாக்டர் - யாராக இருந்தாலும் சோதித்த பிறகே உள்ளே விட வேண்டும். இதயத்தில் கருவி வைத்திருப்பவர், அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

ஒரு போன், ஓர் உயிர்

படம் நன்றாக விழுந்துவிட்டது. நிபுணரும் நோயைக் கண்டுவிட்டார். அறிக்கை எழுதி அடுக்கில் வைத்துவிட்டார். வேலை முடிந்ததா?

இல்லை!

வாதம் வந்தவருக்கு மூளையில் ரத்தக் குழாய் அடைத்திருக்கலாம். அல்லது ரத்தம் கசிந்திருக்கலாம். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அடைப்பைக் கரைக்க மருந்து இருக்கிறது. நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். ஆனால், ரத்தம் கசிந்தவருக்கு அந்த மருந்தைக் கொடுத்தால், உயிருக்கே ஆபத்து. எது என்று சொல்வது ஸ்கேன்தான். அந்த அறிக்கை மேஜையில் கிடந்தால், மருந்து இருந்தும் பயன் இல்லை.

ஆகவே, இப்படிப்பட்ட அவசர முடிவுகளுக்கு ஒரு பட்டியல் வைத்துக் கொள்கிறார்கள். மூளையில் ரத்தக் கசிவு, குடலில் ஓட்டை, நுரையீரலைச் சுற்றிக் காற்று - இவை தெரிந்தால், எக்ஸ்ரே டாக்டர் உடனே போனை எடுக்க வேண்டும். கேட்டவர் திரும்பச் சொல்ல வேண்டும். யார் சொன்னார், யார் கேட்டார், மணி என்ன என்பதைப் புத்தகத்தில் எழுத வேண்டும்.

காச நோயும் இப்படித்தான். மார்புப் படத்தில் சந்தேகம் இருந்தும் சொல்லாமல் விட்டால், நோயாளி வீட்டுக்குப் போய் இருமிக்கொண்டே இருப்பார். வீட்டில் உள்ளவர்களுக்கும் நோய் பரவும். இப்போது மார்புப் படத்தைப் பார்த்துச் சந்தேகத்தைச் சொல்லும் கம்ப்யூட்டர் முறையும் வந்துவிட்டது. 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குக் காச நோய் இருக்கிறதா என்று பார்க்க இதைப் பயன்படுத்தலாம் என்று, 2021-ம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் கூறியது. அதற்குப் பிறகும், சளியைச் சோதித்து நோயை உறுதி செய்யவும், மருந்து கொடுக்கவும் ஆள் வேண்டும்.

ஒளிக்காமல் பேசு

எவ்வளவு கெட்டிக்கார நிபுணரும் சில சமயம் தவறுவார். ஆயிரக்கணக்கான படங்களைப் பார்க்கிறவர் கண்ணுக்கு ஒன்று தப்பலாம். தவறியதை ஒளித்து வைத்தால், அதே தவறு மறுபடியும் நடக்கும்.

அதனால், பல ஆஸ்பத்திரிகளில் மாதம் ஒரு முறை எல்லோரும் கூடி உட்காருகிறார்கள். தவறிய படங்களைத் திரையில் போடுகிறார்கள். யார் தவறினார் என்று கேட்பது இல்லை. ஏன் தவறியது என்றுதான் கேட்கிறார்கள். சீட்டில் விவரம் இல்லையா? பழைய படம் கிடைக்கவில்லையா? இரவு முழுவதும் கண் விழித்த களைப்பா? காரணம் தெரிந்தால், திருத்த வழி பிறக்கும்.

நோயாளிகள் செய்ய வேண்டியது

எக்ஸ்ரே பிரிவு நன்றாக நடக்க, நோயாளிகளும் உதவலாம்.

1. பழைய படத்தையும் அறிக்கையையும் எறியாதீர்கள். கையோடு கொண்டு போங்கள். புதிய நிழலா, பழைய தழும்பா என்று டாக்டர் ஒப்பிட்டுப் பார்ப்பார்.

2. பெயர், வயது, எந்தப் பக்கம் என்பதைச் சீட்டில் சரிபாருங்கள். படிக்கத் தெரியாவிட்டால், படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

3. கர்ப்பமாக இருந்தாலும், இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலும், கேட்காமலே சொல்லுங்கள்.

4. ஊசி போட்டு ஸ்கேன் எடுப்பதானால், முன்பு எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போனதா, சிறுநீரகக் கோளாறு உண்டா, சர்க்கரைக்கு என்ன மாத்திரை என்பதைச் சொல்லுங்கள்.

5. வயிற்றில் இருப்பது ஆணா, பெண்ணா என்று ஸ்கேன் டாக்டரைக் கேட்காதீர்கள். 1994-ம் ஆண்டுச் சட்டப்படி, அதைச் சொல்வது குற்றம்.

6. படம் எடுத்ததோடு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். "என் அறிக்கை எப்போது வரும்? யாரிடம் காட்ட வேண்டும்?" என்று கேளுங்கள். அறிக்கையை டாக்டரிடம் காட்டிய பிறகு வீட்டுக்குப் போங்கள்.